ஒத்தக்கால்ல நின்னா காலை யாரு ஆட்டுறா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல "வீட்டுல, ஸ்கூல்ல பிள்ளைங்களுக்கு உடம்பைப் பத்தி என்ன சொல்லிக்குடுக்கறீங்க"ன்னு ஒரு வரி கேட்டிருந்தோம். கடலூர்லேருந்தும் புதுச்சேரிலேருந்தும் வந்த கடுதாசி, வாட்ஸ்அப், வாய்ஸ் மெசேஜ்ல பாதிக்கு மேல விழுறது, தடுமாறுறது, தலை சுத்தறது பத்திதான் இருந்துச்சு. அதனால மத்த கேள்விய அடுத்த வாரத்துக்கு தள்ளிட்டு இந்த தடவை இதையே பேசிடுவோம்.

கேள்வி: நான் ஒண்ணாவது, ரெண்டாவது எடுக்கறேன். மூளை சார்ட் மாட்டி பெருமூளை, சிறுமூளை, முகுளம்னு சொல்லிக்குடுத்தேன், அழகா திருப்பிச் சொல்றாங்க. ஆனா ஒரு பையன் எழுந்து "மிஸ், மூளை தலைல இருக்கு, வழுக்குறது காலு, அவ்ளோ கீழ நடக்கறது தலைக்கு எப்படி தெரியும்?"னு கேட்டான். அவன் வயசுக்கு ஏத்த மாதிரி எப்படி சொல்றது? எங்க ஸ்கூல்ல லேப், ப்ரொஜெக்டர் எதுவும் கிடையாது.
– ஓர் ஆசிரியை, தேவனாம்பட்டினம்

பதில்: டீச்சர், அந்தப் பையன் கேட்டதுதான் பாடமே. முகுளம்னு ஒப்பிக்கத் தெரிஞ்ச பிள்ளைய விட இவன் நாலு படி முன்னாடி நிக்கிறான். நாம பொதுவா என்ன சொல்லிடறோம்னா, மூளை உத்தரவு போடும், கை கால் கேக்கும், முடிஞ்சுதுன்னு. அது பாதிக்கதைதான். பேலன்ஸ் விஷயத்துல மூளைக்கு உத்தரவு போடறத விட சேதி கேக்கறதுதான் பெரிய வேலை. கேட்டு, துளி திருத்தி, மறுபடி கேட்டு, மறுபடி திருத்தி, நாம நிக்கிற வரைக்கும் இது ஓடிக்கிட்டே இருக்கும். இத அஞ்சு வயசுப் பிள்ளைக்கு வாயால சொன்னா ஏறாது, ஆனா காட்டிடலாம்.

சார்ட்ட ஒரு வாரம் சுருட்டி வைங்க. பிள்ளைங்கள வராண்டாவுக்கு கூட்டிட்டு போய், செருப்ப கழட்டச் சொல்லி, ரெண்டு ரெண்டு பேரா நிறுத்துங்க. ஒருத்தர் ஒத்தக்கால்ல நிக்கணும், இன்னொருத்தர் கீழ உக்காந்து அந்தப் பாதத்தையே பாக்கணும், மூஞ்சிய பாத்து சிரிக்கக் கூடாது. உத்துப் பாத்தா கணுக்காலுக்கு முன்னாடி தசைநார் வெடுக்கு வெடுக்குன்னு எழும்பி அடங்கும், கட்டைவிரல் தரைய அழுத்தும், விடும், பாதத்தோட வெளி ஓரம் வெளுக்கும், அடுத்த நிமிஷமே உள் ஓரம் வெளுக்கும். மேல பாத்தா பிள்ளை அசையாம நிக்குது, கீழ பாத்தா ஒரு நொடி கூட சும்மா இல்ல. இப்ப கேளுங்க, "காலை நீ ஆட்டுனியா?"ன்னு. "இல்ல மிஸ், அதுவா ஆடுது"ம்பாங்க. "அதுவா எப்படி ஆடும்?" இந்த இடத்துலதான் மூளைய உள்ள கொண்டு வரணும், அதுக்கு முன்னாடி கொண்டு வந்தா அது வெறும் பேரு.

அப்புறம் அதே ஒத்தக்கால், கண்ண மூடிக்கிட்டு. ரெண்டு பக்கமும் ஆள் நிக்கட்டும், இல்லன்னா செவுத்துப் பக்கமா நிறுத்துங்க. கண்ணு தொறந்திருக்கப்ப நல்லா நின்ன பிள்ளை சட்டுன்னு காலை ஊனிடும். பெரியவங்களும் தடுமாறுவோம்தான், ஆனா சின்னப் பிள்ளைங்க நம்மள விட கண்ண ரொம்ப நம்புவாங்க. 1974ல எடின்பரோல ஒரு சோதனை பண்ணாங்க, புதுசா நடக்கப் பழகுன குழந்தைங்கள ஒரு சின்ன ரூம்ல நிக்க வச்சாங்க, அந்த ரூம்ல தரை அசையாது, செவுரு மட்டும் நகரும். செவுரு லேசா நகர்ந்ததுமே குழந்தைங்க தள்ளாடிச்சு, சிலது தொப்புன்னு விழுந்துடுச்சு. காலுக்கு அடியில ஒண்ணுமே ஆகல, கண்ணு சொன்ன பொய்ய மூளை அப்படியே நம்பிடுச்சு.

உங்க ஊர்ல இதுக்கு ரூம் கட்ட வேண்டிய அவசியமே இல்ல. சில்வர் பீச்சுல அலை காலை நனைக்கிற எடத்துல நின்னு, தண்ணி திரும்பி கடலுக்கு ஓடறப்ப குனிஞ்சு அந்த தண்ணியையே பாருங்க, நாம நின்ன எடத்துலயே நின்னாலும் வழுக்கிட்டு போற மாதிரி இருக்கும், அதே நேரத்துல குதிகாலுக்கு கீழ மண்ண அரிச்சிட்டு போகும், கண்ணும் குழம்பி பாதமும் குழம்பினா பெரிய ஆளே கைய விரிச்சிடுவான். நிமிந்து தூரத்துல ஒரு படக பாத்தா சரியாயிடும். ஆனா அலை கிட்ட பிள்ளைங்கள கூட்டிட்டு போனா கணுக்கால் தண்ணியோட நிறுத்திக்கணும், ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் கைய பிடிச்சிருக்கணும். ஆள் பத்தலன்னா இந்தச் சோதனையே வேணாம், அந்தக் கடல் இழுக்கற கடல்.

மூணாவதா ஒரு சாக்க நாலா மடிச்சு போட்டு அது மேல ஒத்தக்கால்ல நிக்கச் சொல்லுங்க. தரைல நின்னத விட கஷ்டம்னு அவங்களே சொல்லுவாங்க, ஏன்னா மெத்துன்னு இருக்கறதுல பாதத்துக்கு சரியான சேதி கிடைக்காது.

இப்ப பையன் கேள்விக்கு பதில் சொல்லலாம். தசைக்குள்ளயே, அது எவ்வளவு இழுபடுதுன்னு கவனிக்கிற குட்டி குட்டி உறுப்பு இருக்கு, தசைநார்ல இருக்கு, மூட்டுல இருக்கு, பாதத்துத் தோல்ல அழுத்தம் எங்க விழுதுன்னு பாக்கறது இருக்கு. உடம்பு ஒரு பக்கம் சாஞ்சா அதெல்லாம் நரம்பு வழியா, முதுகுத்தண்டு வழியா மேல சேதி அனுப்பிடும், "தலைக்கு" அப்படித்தான் தெரியும். இந்த உள்ளுணர்ச்சிக்கு 1906ல தனியா ஒரு பேரு வச்சவர் சார்லஸ் ஷெரிங்டன்ங்கற இங்கிலாந்து விஞ்ஞானி, பின்னால 1932ல நோபல் பரிசும் வாங்குனாரு, ஆனா அந்தப் பேரெல்லாம் ரெண்டாம் கிளாஸுக்கு தேவையில்ல. பதிலா ஒரு ஆட்டம் இருக்கு: ஒரு பிள்ளை கண்ண மூடிக்கணும், இன்னொருத்தர் அதோட எடது கைய ஏதோ ஒரு கோணத்துல தூக்கி மடக்கி வைக்கணும், அந்தப் பிள்ளை பாக்காமலே வலது கையையும் அதே மாதிரி வைக்கணும். கிட்டத்தட்ட கச்சிதமா வைக்கும். "பாக்காம எப்படி தெரிஞ்சுது?"ன்னு கேட்டுட்டு சும்மா இருங்க, அவங்களே பேசுவாங்க.

பெரிய கிளாஸா இருந்தா இதையும் சொல்லலாம். 1971ல 19 வயசு பிரிட்டிஷ் வாலிபர் ஒருத்தருக்கு காய்ச்சல் வந்து, கழுத்துக்கு கீழ இந்த உணர்ச்சியும் தொடு உணர்ச்சியும் போயிடுச்சு. தசைல பலம் இருக்கு, வலி தெரியும், சூடு தெரியும், ஆனா கை கால் எங்க இருக்குன்னு தெரியாது, அதனால நிக்கவே முடியல. அப்புறம் பல மாசம் போராடி, ஒவ்வொரு காலையும் கண்ணால பாத்துப் பாத்து எடுத்து வச்சு நடக்கக் கத்துக்கிட்டாரு. லைட் அணைஞ்சா போச்சு, விழுந்துடுவாரு. உத்தரவு போடற மூளை நல்லாதான் இருந்துச்சு, கீழேருந்து சேதிதான் வரல.

சின்னதுங்களுக்கு கண்ணு, காது, காலு, இந்த மூணு போதும் (தலை எப்படி திரும்புதுன்னு சொல்றது உள்காது, அது எப்படின்னு அடுத்த பதில்ல பாருங்க). மூணு பேரும் சொல்றத மூளை சேத்துப் பாக்குது, அவ்ளோதான் பாடம். இன்னொண்ணு, யாரு ரொம்ப நேரம் நிக்கறாங்கன்னு போட்டி வைக்காதீங்க. 3 வயசுல ஒரு நொடி ரெண்டு நொடி நிக்கறதே பெருசு, நொண்டி அடிக்கறது 5 வயசு வாக்குலதான் கைகூடும், ஒரே கிளாஸ்ல மார்ச்ல பொறந்ததும் டிசம்பர்ல பொறந்ததும் ஒண்ணா உக்காந்திருக்கும். கடைசியா வர்ற பிள்ளை வெக்கப்பட்டா அது பேலன்ஸ் கத்துக்காது, ஒளிஞ்சுக்கதான் கத்துக்கும்.

கேள்வி: நான் நாலாவது படிக்கிறேன். தட்டாமாலை சுத்திட்டு நான் நின்னுட்டேன், ஆனா வீடு நிக்கல. ஏன்? எங்க அண்ணன் மூளை சுத்துதுன்னு சொல்றான்.
– ஒரு பாப்பா, முத்தியால்பேட்டை

பதில்: மூளை சுத்தலடா கண்ணு, உன் காதுக்குள்ள தண்ணி சுத்துது. அண்ணன்கிட்ட சொல்லிடு.

ரெண்டு காதுக்கும் உள்ள, ரொம்ப ஆழத்துல, எலும்புக்குள்ள மூணு மூணு வளையம் இருக்கு. ஒவ்வொண்ணும் குறுக்கால 6, 7 மில்லிமீட்டர்தான் இருக்கும், உள்ள தண்ணி மாதிரி ஒரு திரவம். ஒரு வளையம் நீ "ஆமா ஆமா"ன்னு தலையாட்டறப்ப வேலை செய்யும், ஒண்ணு "மாட்டேன்"னு ஆட்டறப்ப, இன்னொண்ணு தோள் பக்கம் தலைய சாய்க்கறப்ப. வளையத்துல ஒரு எடத்துல நுண்ணிய முடி இருக்கும், திரவம் அதை ஒரு பக்கமா வளைச்சா "தலை திரும்புது"ன்னு மூளைக்கு சேதி போகும்.

அம்மாகிட்ட கேட்டு ஒரு கண்ணாடி டம்ளர்ல தண்ணி ஊத்தி ரெண்டு கொத்தமல்லி இலை கிள்ளிப் போடு. டம்ளர மேசை மேல வச்சு அப்படியே சுத்து. மொதல்ல டம்ளர் சுத்தும், இலை பின்தங்கும். விடாம சுத்துனா இலையும் கூடவே வரும். இப்ப டக்குன்னு டம்ளர நிறுத்து. டம்ளர் நின்னுடுச்சு, இலை நிக்குதா பாரு. உன் காதுலயும் இதேதான், நீ நின்னுட்ட, உள்ள திரவம் நிக்கல, அது முடிய எதிர்ப் பக்கமா வளைக்குது, மூளை "ஓ, இன்னும் சுத்திட்டுதான் இருக்கா, அதுவும் இப்ப எதிர்ப் பக்கமா"ன்னு நெனச்சுக்கிட்டு கண்ண அதுக்கு ஏத்த மாதிரி நகத்துது. அதனாலதான் வீடு ஓடுது.

நம்பலன்னா அண்ணன சுத்தவிட்டு நிறுத்தி, அவன் கண்ணுக்கு நேரா பாரு. கருவிழி ஒரு பக்கமா மெதுவா போகும், வெடுக்குன்னு திரும்பி வரும், மறுபடி மெதுவா போகும். கொஞ்ச நேரத்துல அடங்கிடும். சுத்தி முடிச்சதும் கட்டைவிரல மூஞ்சிக்கு முன்னாடி நீட்டி அதையே மொறச்சுப் பாத்தா இன்னும் சீக்கிரம் அடங்கும். இந்த மாதிரி கண்ணு ஆடறத வச்சே உள்காத சோதிக்கலாம்னு கண்டுபிடிச்சவர் ராபர்ட் பாரானின்னு ஒரு டாக்டர். காதுக்குள்ள ஜில்லுன்னு தண்ணி விட்டா கண்ணு ஒரு பக்கம் ஆடுது, வெதுவெதுன்னு விட்டா மறுபக்கம் ஆடுதுன்னு பாத்தாரு. 1914ஆம் வருஷத்து நோபல் பரிசு அவருக்கு கிடைச்சுது, சேதி வந்தப்ப அவரு முதல் உலகப்போர்ல மாட்டி ரஷ்யாக்காரங்ககிட்ட கைதியா இருந்தாரு! நீ காதுல தண்ணி விட்டுப் பாக்காத, அது டாக்டர் வேலை. மொட்டை மாடில தட்டாமாலை சுத்தாத, கீழ மண்ணுல சுத்து.

கேள்வி: கடலுக்கு போயிட்டு வந்தா ராத்திரி படுக்கறப்ப வீடு லேசா ஆடற மாதிரி இருக்கும், எங்க எல்லாருக்கும் இருக்கறதுதான். எம்பொண்ணு யூ.கே.ஜி. படிக்குது, "ஏம்ப்பா தரை ஆடுது"ன்னு கேக்குது. என்ன சொல்றது?
– ஒரு மீனவர், சோனாங்குப்பம்

பதில்: அண்ணே, இந்தக் கேள்விக்காகவே உங்கள ஒருநாள் அந்த ஸ்கூலுக்கு கூப்பிட்டு பேச வைக்கலாம்.

பொண்ணோட கைய எடுத்து அது பின்னந்தலைல வைங்க. நடுவுல ஒரு எலும்பு மேடு தட்டுப்படும், அதுக்கு கீழ, பிடரிக்கு மேல, உள்ளதான் சிறுமூளை இருக்கு. "அப்பா படகுல இருக்கறப்ப, படகு ஆடற ஆட்டத்த இந்த எடம் கத்துக்கிச்சு, இன்னும் மறக்கல"ன்னு சொல்லுங்க. யூ.கே.ஜி.க்கு இது போதும், பொய்யும் இல்ல.

உங்களுக்கு கொஞ்சம் கூடுதலாவே சொல்லலாம். மொதநாள் படகுல ஏறுன பையன பாத்திருப்பீங்க, ஒவ்வொரு அலைக்கும் லேட்டா கால மாத்துவான், வாந்தி எடுப்பான். பழகுனவங்க அலை தூக்கறதுக்கு முன்னாடியே முழங்கால துளி மடக்கிடுவீங்க, யோசிச்சு இல்ல, அதுவா நடக்கும். சிறுமூளை அடுத்து என்ன வரும்னு கணிச்சு, கணிச்சது தப்பாப் போனா அடுத்த தடவைக்கு திருத்தி வச்சுக்கும். கரைக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் அலை வரும்னே எதிர்பாத்து திருத்திக்கிட்டு இருக்கும், தரைதான் அசையாம இருக்கே, அதனால தரை ஆடற மாதிரி தோணும். சில மணி நேரம், மிஞ்சிப் போனா ரெண்டு நாள்ல போயிடணும். வாரக்கணக்குல நின்னா மட்டும் காது-மூக்கு-தொண்டை டாக்டர பாருங்க.

அளவுல மூளைல பத்துல ஒரு பங்குதான் சிறுமூளை. ஆனா 2009ல பிரேசில்ல எண்ணிப் பாத்தப்ப, மனுஷ மூளைல இருக்கிற சுமார் 8,600 கோடி நரம்பு செல்லுல 6,900 கோடி இந்த சின்ன எடத்துலதான் நெருக்கிக்கிட்டு இருக்குன்னு தெரிஞ்சுது. 1824லயே ஃப்ளோரன்ஸ்னு ஒரு பிரெஞ்சுக்காரர் புறாவோட சிறுமூளைய கொஞ்சம் கொஞ்சமா எடுத்துப் பாத்திருக்காரு, பாவம் அந்தப் புறா, அதுக்கு பக்கவாதம் வரல, றெக்கைய அடிச்சுது, காலையும் ஆட்டுச்சு, ஆனா ஒழுங்கா நடக்கவும் முடியல பறக்கவும் முடியல. பலம் வேற, ஒழுங்கு வேறன்னு அப்பதான் புரிஞ்சுது. இத பிள்ளைங்ககிட்ட சொல்லாதீங்க, புறாவுக்காக அழுவாங்க. சாராயம் உள்ள போனா சீக்கிரமா தடுமாற ஆரம்பிக்கறதும் இந்த சிறுமூளைதான், கோடு போட்டு அது மேல நடக்கச் சொல்லி சோதிக்கறது அதனாலதான். புதுச்சேரி பக்கம் இருக்கறவங்களுக்கு இதுக்கு மேல உதாரணம் தேவையில்ல.

கேள்வி: "மிட் பிரெயின் ஆக்டிவேஷன்" கிளாஸ்னு நோட்டீஸ் குடுத்தாங்க. கண்ண கட்டிக்கிட்டு பிள்ளைங்க புக் படிக்குதாம், கலர் சொல்லுதாம், எடது மூளையும் வலது மூளையும் சேந்து வேலை செய்யுமாம், பேலன்ஸும் நல்லா வருமாம். பல ஆயிரம் கேக்கறாங்க. 6 வயசு பையன சேக்கலாமா?
– ஒரு வாசகி, லாஸ்பேட்டை

பதில்: வேணாங்க. கட்டுன துணிக்கும் மூக்குக்கும் நடுவுல ஒரு இடுக்கு இருக்கும், அது வழியா கீழ பாக்கலாம், நீங்களே ஒரு துண்ட கட்டிக்கிட்டு மடில பேப்பர வச்சுப் பாருங்க, தலைப்பு தெரியும். புத்தகத்த தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சு படிக்கச் சொல்லுங்க, வித்தை அங்கயே முடிஞ்சிடும். இதுல எனக்கு காச விட பெரிய வருத்தம் என்னன்னா, பாக்காதத பாத்தேன்னு சொல்றதுக்கு ஒரு பிள்ளைய பழக்கறோம்.

நடுமூளைன்னு ஒண்ணு நெஜமாவே இருக்கு, பொறந்ததுலேருந்து வேலையும் செஞ்சிக்கிட்டு இருக்கு, யாரும் வந்து ஸ்விட்ச் போட வேண்டியதில்ல. கண்ண அசைக்கற நரம்புல சிலது அங்கேருந்துதான் கிளம்புது. அங்க கருப்பா ஒரு பகுதி இருக்கு, அதுலேருந்து டோபமின்ங்கற ரசாயனம் மேல போனாதான் நாம நெனச்ச உடனே அசைவு ஆரம்பிக்கும், அந்த செல்லுங்க அழிஞ்சாதான் தாத்தா பாட்டிக்கு வர்ற பார்க்கின்சன் நோய், கை நடுக்கம், அடி எடுத்து வைக்கவே திணர்றது. 1817ல ஜேம்ஸ் பார்க்கின்சன்ங்கற லண்டன் டாக்டர் அத எழுதி வச்சாரு, அதான் அந்தப் பேரு.

எடது மூளை வலது கைய அசைக்கும், வலது மூளை எடது கைய அசைக்கும், இது உண்மை. ஆனா சிறுமூளைல அப்படி இல்ல, வலது பக்க சிறுமூளை வலது பக்க உடம்பையே பாத்துக்கும், ஏன்னா அதோட நரம்பு போற வழில ரெண்டு தடவை குறுக்கால தாண்டிடுது. ரெண்டு பக்கமும் பேசிக்கிட்டேதான் இருக்கு, பேச வைக்க கிளாஸ் எதுக்கு?

வீட்டுலயே ஒண்ணு பண்ணிக் காட்டுங்க, பையன் அசந்துடுவான். இந்தப் பத்திரிகைய கைல பிடிச்சு வேகமா எடமும் வலமும் ஆட்டிக்கிட்டே படிக்கச் சொல்லுங்க, எழுத்தெல்லாம் கலங்கிடும். இப்ப பத்திரிகைய ஆட்டாம, அதே வேகத்துல தலைய மட்டும் ஆட்டிக்கிட்டு படிக்கச் சொல்லுங்க, நல்லாவே படிக்க முடியும். தலை எந்தப் பக்கம் போகுதுன்னு உள்காது சொல்ல, கண்ணு உடனே எதிர்ப் பக்கம் அதே அளவு திரும்பிடுது. பத்திரிகை ஆடறப்ப காதுக்கு ஒண்ணும் தெரியாது, கண்ணு தனியா ஓடித் தவிக்குது. அஞ்சு பைசா செலவில்லாத மூளைப் பாடம்.

மிச்ச காசுக்கு ஒரு சின்ன சைக்கிள் வாங்குங்க. பெடல கழட்டிட்டு சீட்ட தாழ வச்சு, ரெண்டு காலாலயும் உந்தி உருட்டவிட்டா துணைச் சக்கரம் இல்லாமலே பேலன்ஸ் பிடிபடும், பெடல் அப்புறம் மாட்டிக்கலாம். துணைச் சக்கரம் இருந்தா சைக்கிள் சாயவே சாயாது, சாயலன்னா மூளை எத திருத்தும்? பீச் ரோட்டுல சாயங்காலம் வண்டி விடாத நேரமா பாத்து கூட்டிட்டு போங்க, தலைல ஹெல்மெட் போட்டு.

கேள்வி: சென்னைக்கு பஸ்ல போனா 8 வயசு பையன் கண்டிப்பா வாந்தி. மொபைல் குடுத்தாலாவது அடங்குவான்னு பாத்தா அதுக்கும் எடுக்கறான்.
– ஒரு அப்பா, நெல்லிக்குப்பம்

பதில்: மொபைல் குடுக்கறதாலதாங்க எடுக்கறான். பஸ் குலுங்குது, திரும்புதுன்னு உள்காது சொல்லுது, கண்ணு மொபைல பாத்துக்கிட்டு "எதுவும் அசையல"ங்குது, ரெண்டு சேதியும் ஒத்துப் போகாததுதான் பிரச்சினை. முன் சீட்டா பாத்து உக்கார வைங்க, தூரத்துல பாக்கச் சொல்லுங்க, ஈ.சி.ஆர்.ல பாக்கறதுக்கா பஞ்சம், காத்து மூஞ்சில படட்டும், வயிறு முட்ட சாப்பாடு வேணாம். 2 வயசுக்குள்ள குழந்தைக்கு இது அவ்வளவா வராது, ஸ்கூல் வயசுலதான் அதிகம், வளர வளர பெரும்பாலும் கொறையும். டிரைவருக்கு ஏன் வரலன்னு பையன் கேட்டா, அடுத்து வண்டி எங்க திரும்பும்னு அவருக்கு முன்னாடியே தெரியும்னு சொல்லுங்க.

கேள்வி: பேரனுக்கு 5 வயசு. எப்ப பாத்தாலும் விழுறான், முட்டி ஆறவே மாட்டேங்குது. "மூளைல ஏதாவது இருக்குமோ"ன்னு மருமகள் பயப்படுது. நான் சின்ன வயசுல இத விட விழுந்திருக்கேன்னு சொன்னா கேக்க மாட்டேங்குது.
– ஓய்வு பெற்ற அரசு ஊழியர், மஞ்சக்குப்பம்

பதில்: ஐயா, ஓடி ஆடி விழுற பையன்னா நீங்க சொல்றது சரிதான். ஆனா மருமகள் பயப்படறதையும் தள்ளிடாதீங்க, சில விஷயத்த பாத்துட்டு அப்புறம் நிம்மதியா இருக்கலாம்.

நேத்து வரைக்கும் நல்லா நடந்த பிள்ளை திடீர்னு தள்ளாடுனா, குடிச்சவன் மாதிரி காலை அகட்டி நடந்தா, அது அன்னைக்கே டாக்டர்கிட்ட போற விஷயம். குறிப்பா அம்மை போட்டு தண்ணி ஊத்தி முடிச்ச கொஞ்ச நாள்ல இப்படி வரலாம், சின்னம்மைக்கு பின்னால சிறுமூளை பாதிக்கறது உண்டு, பெரும்பாலும் தானா சரியாயிடும், ஆனா அத முடிவு பண்ண வேண்டியது டாக்டர், பக்கத்து வீட்டு அத்தை இல்ல. காலைல எழுந்ததும் தலைவலி, வாந்தி, கூடவே தடுமாற்றம்னா ஒரு நாள் கூட தள்ளக்கூடாது. தலைய எப்பவும் ஒரு பக்கமா சாய்ச்சு வச்சுக்கறது, ஒரு பக்கக் காலு மட்டும் இழுக்கறது, முன்ன பண்ணிக்கிட்டிருந்தத இப்ப பண்ண முடியாமப் போறது, இதெல்லாமும் காட்டணும்.

பையன்னா இன்னொண்ணும் பாருங்க. தரைல சம்மணம் போட்டு உக்கார வச்சு எழுந்திருக்கச் சொல்லுங்க. கைய ஊனாம எழுந்தா சரி. மொதல்ல கைய தரைல ஊனி, அப்புறம் முட்டில, அப்புறம் தொடைல வச்சு, தன் உடம்பு மேலயே கையால ஏறி எழுந்தா, கெண்டைக்காலும் வயசுக்கு மீறி பருமனா இருந்தா, அது தசை சம்பந்தப்பட்டதா இருக்கலாம், மூளை இல்ல. இத சீக்கிரம் கண்டுபிடிக்கறது முக்கியம்.

இது எதுவும் இல்லன்னா கண்ணையும் காதையும் ஒரு தடவை சோதிச்சிடுங்க, கண்ணாடி தேவைப்படற பிள்ளை படி தெரியாம விழும், காதுல அடிக்கடி சீழ் வர்ற பிள்ளை தடுமாறும். செருப்பையும் பாருங்க, "வளர்ற பிள்ளை"ன்னு ரெண்டு சைஸ் பெருசா வாங்கிக் குடுத்திருந்தா அவன் என்ன பண்ணுவான்! 18 மாசம் தாண்டியும் நடக்காத குழந்தை யாராவது வீட்டுல இருந்தா, "எங்க வம்சத்துலயே லேட்டு"ன்னு உக்காந்திருக்காம கடலூர் அரசு ஆஸ்பத்திரிக்கோ ஜிப்மருக்கோ கூட்டிட்டு போய் குழந்தை டாக்டர்கிட்ட காட்டிடணும்.

கேள்வி: தோசைக்கல்லுல கை பட்டா, சுடுதுன்னு தெரியறதுக்கு முன்னாடியே கை வந்துடுதே, அப்ப மூளை எங்க போச்சு? அஞ்சாவது படிக்கிற பொண்ணு கேட்டா, எனக்கும் தெரியல.
– ஒரு அம்மா, வில்லியனூர்

பதில்: மூளை அங்கயேதான் இருக்கு, அதுகிட்ட கேக்க நேரமில்ல. சூட்டு சேதி முதுகுத்தண்டுக்கு வந்ததுமே அங்கேருந்தே "இழு"ன்னு தசைக்கு போயிடும், மூளைக்கு சேதி போய் அது சுட்டுச்சுன்னு உணர்றதுக்குள்ள கை வந்துடும். டாக்டர் முழங்காலுக்கு கீழ சின்ன சுத்தியால தட்டறப்ப காலு துள்ளுறதும் முதுகுத்தண்டு வேலைதான்.

மூளை வழியா போனா எவ்வளவு நேரம் ஆகும்னு பொண்ணுக்கு காட்டணும்னா ஒரு ஸ்கேல் போதும். நீங்க ஸ்கேல மேல பிடிச்சு தொங்கவிடுங்க, பொண்ணு கீழ நுனில, பூஜ்யத்துக்கு நேரா, ரெண்டு விரலையும் தொடாம விரிச்சு வச்சுக்கட்டும். சொல்லாம விடுங்க. 5 சென்டிமீட்டர்ல பிடிச்சா 0.1 நொடி, 20ல பிடிச்சா 0.2, 44ல 0.3, 78ல 0.4. பெரியவங்க சுமாரா 0.2 பக்கம் வருவோம். 30 சென்டிமீட்டர் ஸ்கேல் கால் நொடிக்குள்ள மொத்தமா விழுந்துடும், சின்னப் பிள்ளைங்க கைல அது சிக்கவே சிக்காது, "எனக்கு வரல"ன்னு அழ ஆரம்பிச்சிடுவாங்க, அதனால ஸ்கூல்ல போர்டு கிட்ட வைக்கிற ஒரு மீட்டர் ஸ்கேல் கிடைச்சா அத வச்சு ஆடுங்க. நாலஞ்சு தடவை ஆடுனா கொஞ்சம் முன்னேறும், டிவி பாத்துக்கிட்டே ஆடச் சொன்னா உடனே பின்னுக்கு போகும், அந்த வித்தியாசத்த பொண்ணையே நோட்டுல எழுதி வைக்கச் சொல்லுங்க.

இத வச்சு வீட்டுக்காரரையும் ஒரு கை பாக்கலாம். 500 ரூபா நோட்டு 15 சென்டிமீட்டர் நீளம். நீளவாக்குல தொங்கவிட்டு, நடுவுல காந்தி படம் இருக்கற எடத்துல அவர் விரல விரிச்சு வச்சுக்கச் சொல்லி, "பிடிச்சா உங்களுக்கு"ன்னு சொல்லிட்டு விடுங்க. கீழ மிச்சம் இருக்கறது ஏழரை சென்டிமீட்டர், அது தாண்ட 0.12 நொடிக்கு துளி மேலதான் ஆகும். நோட்டு உங்களுக்கேதான், அவரு ஊகிச்சு முன்னாடியே விரல மூடாம மட்டும் பாத்துக்கோங்க.